அணை நீரில் பாசி பொங்குமுன் அறிவது எப்படி: கிருஷ்ணகிரி, தருமபுரி நீர்நிலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

நேற்று மாலை தெளிவாகத் தெரிந்த அணை நீர், இன்று விடியும்போது பச்சை வண்ணக் குழம்பைக் கொட்டியதுபோல் கிடந்தால், ஒரே இரவில் பாசி வளர்ந்துவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் அந்த இரவில் பெரிதாக எதுவும் வளர்ந்திருக்காது. நீலப்பச்சைப் பாசியின் உயிரணுக்களுக்குள் நுண்ணிய வாயு அறைகள் உண்டு. பல நாட்களாக நீர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் பரவிக் கிடந்த பாசி, காற்று ஓய்ந்த இரவில் அவற்றின் மிதவைத் திறனால் மேலே ஏறி ஏடாகப் படிந்திருக்கிறது.

ஆகவே முன்கணிப்பு என்பது ஒரே கேள்வி அன்று. நீரில் எவ்வளவு பாசி இருக்கிறது, அது எப்போது மேலே வரும், எந்தக் கரையில் ஒதுங்கும் என மூன்று கேள்விகள் உள்ளன. இவற்றுக்குத் தனித்தனி அளவீடுகளும் தனித்தனிக் கால அளவுகளும் உண்டு. புதிதாக இறங்குபவர்களின் தடுமாற்றங்களில் பெரும்பாலானவை இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால் வருபவையே.

1. யாருக்காகக் கணிக்கிறோம் என்பதை முதலில் எழுதுக

கருவி வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுத வேண்டியது இது: "நாம் எச்சரித்தால் யார், எதை, எத்தனை நாளுக்குள் மாற்றிச் செய்வார்?" குடிநீர் எடுப்பவர் உறிஞ்சு குழாயின் ஆழத்தை மாற்ற ஓரிரு நாள் போதும். மீன் பிடிப்பவருக்கு முந்தைய நாள் தெரிந்தால் போதும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுபவருக்கு எந்தக் கரையைத் தவிர்ப்பது என்று அன்று காலையில் தெரிந்தாலே பயன் உண்டு.

இந்தப் பகுதியில் இக்கேள்விக்கு இன்னொரு கனமும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால், ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்பிக்கொள்ளுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. வீண் எச்சரிக்கையும் இங்கே தீங்கு செய்யும்.

2. தொடங்குமுன் கைவசம் இருக்க வேண்டியவை

முதல் தேவை அனுமதி. அணைக்குள் பரிசல் இறக்க நீர்வளத்துறையின் ஒப்புதல் வேண்டும். மீன் பிடிப்பு உரிமம் பெற்றவர்களிடமும் சொல்லிவைப்பது முறை. மிதவை உடை அணியாமல் யாரும் பரிசலில் ஏறக்கூடாது.

கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வெள்ளை செக்கி தட்டு (நீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்துத் தெளிவை அளப்பது), மீட்டர் அடையாளமிட்ட கயிறு, நீண்ட கம்பியுடைய வெப்பமானி, கரைந்த ஆக்ஸிஜனையும் அமில காரத் தன்மையையும் அளக்கும் கைக்கருவி, மூடியுள்ள புட்டிகள், ஐஸ் பெட்டி, கையுறை, மாதிரியில் உள்ள பாசியை எண்ணும்வரை கெடாமல் காக்கும் லுகால் அயோடின் கரைசல், 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி ஆகியவை போதும். மருந்துக் கடையில் காயத்துக்கு விற்கும் அயோடின் மருந்தை லுகாலுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடாது, இரண்டும் வேறு.

இவற்றோடு அணையின் தினசரி நீர்மட்டம், கொள்ளளவு, வரத்து, வெளியேற்றம் ஆகிய நான்கு எண்களும் வேண்டும். கருவி வாங்கப் பெரும் முயற்சி எடுப்பவர்கள் இந்த நான்கையும் கேட்டு வாங்க மறந்துவிடுகிறார்கள். இவை இல்லாமல் ஆறாம் படியைத் தாண்ட முடியாது.

3. மூன்று இடங்களைத் தேர்ந்து அவற்றை மாற்றாதிருக்க

ஆறு அணைக்குள் நுழையும் இடம், நடு ஆழம், மதகுக்கு அருகே என மூன்று இடங்களைக் குறித்து, கைப்பேசியில் அவற்றின் இருப்பிடத்தைச் சேமித்துக்கொள்ள வேண்டும். முதல் இடம் என்ன வருகிறது என்பதையும், இரண்டாவது என்ன வளர்கிறது என்பதையும், மூன்றாவது என்ன வெளியே போகிறது என்பதையும் சொல்லும்.

பாசி நிறையத் தெரியும் கரையில் மாதிரி எடுப்பது தொடக்கப் பிழைகளில் முதன்மையானது. அங்கே கிடைப்பது காற்று கூட்டிக் குவித்த குப்பை மேடு போன்றது. அதன் எண்ணிக்கை நடு நீரைப்போல் ஆயிரம் மடங்குகூட இருக்கலாம். அதை வைத்து அணை முழுவதையும் கணக்கிட்டால் எல்லா வாரமும் பேரிடர் வாரமாகவே தெரியும். கரை மாதிரியை எடுக்கலாம், ஆனால் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும்.

4. விடியற்காலையில் அளக்க வேண்டும்

இந்தப் படியில்தான் பொறுமை தேவை. வெயில் ஏறுவதற்கு முன், ஏறத்தாழ 6 மணிக்கு, நடு ஆழத்தில் பரிசலை நிறுத்தி, நீரின் வெப்பநிலையை மேற்பரப்பிலிருந்து அடிவரை ஒவ்வொரு மீட்டருக்கும் குறிக்க வேண்டும்.

பிற்பகலில் அளந்தால் எந்த ஏரியிலும் மேல் நீர் சூடாகவும் அடி நீர் குளிர்ந்தும் இருக்கும். அது அன்றைய வெயிலின் தடம் மட்டுமே. இரவில் மேல் நீர் குளிர்ந்து இறங்கும்போது கலைந்துவிடும். விடியற்காலையிலும் அந்த வேறுபாடு நீடித்தால், இரவெல்லாம் நீர் அடிவரை கலக்கவில்லை என்று பொருள். நீலப்பச்சைப் பாசிக்கு வேண்டியது இந்தக் கலக்கமின்மைதான். கலக்கம் இருந்தால் எல்லாப் பாசிகளும் ஒளியும் இருளும் மாறி மாறிப் பெறும். கலக்கம் நின்றால், மிதக்கத் தெரிந்தது மட்டும் ஒளியைப் பிடித்துக்கொள்ளும்.

"ஒரு டிகிரி வேறுபாடுதானே" என்று அதைத் தள்ளிவிடக்கூடாது. குளிர்நாட்டு ஏரிகளுக்காக எழுதப்பட்ட விதிகளைப் படித்துவிட்டு வருபவர்கள் இங்கே தவறுகிறார்கள். 28 டிகிரி நீர் 29 டிகிரி ஆகும்போது அதன் அடர்த்தியில் ஏற்படும் குறைவு, 10 டிகிரி நீர் 11 டிகிரி ஆகும்போது ஏற்படும் குறைவைப்போல் மூன்று மடங்கு. ஆகவே நம் அணைகளில் விடியற்காலை ஒரு டிகிரி வேறுபாடே நீரை அடுக்காகப் பிரித்து நிறுத்தப் போதுமானது.

அதே நேரத்தில் அடி நீரின் ஆக்ஸிஜனையும் அளக்க வேண்டும். அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்தால், சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் கரைந்து வெளியேறும். ஆற்றில் புதிதாக எதுவும் வராத கோடையிலும் பாசிக்கு உணவு கிடைப்பது இந்த வழியாகத்தான். மழை இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று முடிவு கட்டுபவர்கள் இந்த வழியை மறந்தவர்கள்.

பிற்பகலில் ஒரு முறை மேல் நீரின் ஆக்ஸிஜனையும் அமில காரத் தன்மையையும் மட்டும் அளக்கலாம். அமில கார எண் 9ஐத் தாண்டியும் ஆக்ஸிஜன் நிறைசெறிவுக்கு (நீர் இயல்பாகக் கரைத்து வைத்திருக்கும் உச்ச அளவுக்கு) மேலும் இருந்தால், நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசி வேகமாக ஒளிச்சேர்க்கை செய்கிறது. ஆக்ஸிஜன் நிறைய இருப்பதால் நீர் நலமாக இருக்கிறது என்று எழுதிவிடக்கூடாது. அதே நீரில் விடியற்காலை ஆக்ஸிஜன் சரிந்து, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

5. மாதிரி எடுத்து, எந்தப் பாசி என்று அறிக

மேல் ஏட்டை மட்டும் மொண்டு எடுக்காமல், நீளமான குழாயை மேலிருந்து இரண்டு மீட்டர் ஆழம் வரை இறக்கி, வாயை அடைத்துத் தூக்கி, அந்தத் தூண் நீரைக் கலந்து புட்டியில் நிரப்ப வேண்டும். மேலே மிதப்பதும் கீழே இருப்பதும் சேர்ந்தால்தான் "எவ்வளவு" என்ற முதல் கேள்விக்கு விடை வரும்.

ஒரு புட்டியில் லுகால் விட்டு, வெளிர் தேநீர் நிறம் வரும்வரை கலக்க வேண்டும், இது எண்ணுவதற்கு. இன்னொரு புட்டியை எதுவும் சேர்க்காமல் குளிர்பெட்டியில் ஓர் இரவு அசைக்காமல் வைக்க வேண்டும். காலையில் பச்சை மேலே வளையமாக ஏறியிருந்தால் அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் வேறு பாசி. லுகால் விட்ட புட்டியை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால் எல்லாம் அடியில்தான் இருக்கும். அது மிதவைத் திறனைக் கெடுத்துவிடும்.

கரையில் நிற்பவர் ஒரு குச்சியை நீரில் விட்டு எடுத்துப் பார்க்கலாம். நூல்நூலாகத் தொங்கினால் இழைப்பாசி. வண்ணம் பூசியதுபோல் குச்சியில் படிந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கக்கூடும்.

நுண்ணோக்கியில் முதலில் அறிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: ஒழுங்கற்ற பசைக் கூட்டங்களாகத் தெரியும் மைக்ரோசிஸ்டிஸ், மணிமாலைபோல் கோத்திருக்கும் அனபீனா. அனபீனாவின் மாலையில் இடையிடையே பெரிதாகத் தெரியும் மணி, கரைந்துள்ள நைட்ரஜன் வாயுவைப் பிடித்து உணவாக மாற்றும் உயிரணு. நைட்ரஜன் குறைந்தாலும் அது தாக்குப்பிடிக்கும் என்பதால், நைட்ரேட் அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதற்கில்லை.

நுரையைப் பாசி என்று எண்ணுவது கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கே உரிய தவறு. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறக்கும் நீரில் எழும் வெண்ணுரை, சோப்பு போன்ற கழிவுப் பொருள்களால் ஆவது. ஆனால் அந்த நுரை ஒரு தகவலைச் சொல்கிறது. பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. அதே நீரில்தான் பாஸ்பரஸும் வருகிறது. நுரையைக் கண்டால் முதலாம் இடத்துப் பாஸ்பரஸ் மாதிரியை அன்றே எடுத்துவிட வேண்டும்.

6. அதிகபட்சம் எவ்வளவு பெருக முடியும்

மொத்த பாஸ்பரஸை மாதம் ஒரு முறையாவது ஆய்வகத்தில் அளக்க வேண்டும். தோராய விதி ஒன்று உண்டு: நீரில் உள்ள 1 மைக்ரோகிராம் பாஸ்பரஸ், அதிகம் போனால் 1 மைக்ரோகிராம் அளவு குளோரோபில்லை, அதாவது பாசியின் அளவைக் காட்டும் பச்சை நிறமியை, தாங்கும். லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழ் பாஸ்பரஸ் இருந்தால் பெரும் பெருக்கம் அரிது. நூறைத் தாண்டினால், இனி தடுக்கக்கூடியது பாஸ்பரஸ் அன்று. நீரோட்டமும் கலக்கமும் மட்டுமே.

அடுத்தது நீர் தங்கும் காலம். விநாடிக்கு 1,000 கன அடி வெளியேறினால் ஒரு நாளில் 86.4 மில்லியன் கன அடி போகும். அணையில் 600 மில்லியன் கன அடி இருந்தால், முழு நீரும் மாற ஏறத்தாழ ஏழு நாள். நீர் இத்தனை வேகமாக மாறும்போது, மெல்ல வளரும் நீலப்பச்சைப் பாசி திரளுமுன் அடித்துச் செல்லப்படும். அதே அணையில் வெளியேற்றம் 100 கன அடியாகச் சுருங்கினால் தங்கும் காலம் எழுபது நாள். பாசிக்கு அது தாராளம்.

எனவே மழையின் விளைவு இருமுகம் கொண்டது. வெள்ளம் வரும்போது பாசி அடித்துச் செல்லப்படும். செம்மண் கலங்கல் ஒளியையும் மறைக்கும். பிறகு ஷட்டர் மூடி, கலங்கல் படிந்து, புதிய பாஸ்பரஸோடு நீர் தெளியும் இரண்டு மூன்று வாரங்கள்தான் கவனிக்க வேண்டியவை. மழை முடிந்ததும் வாராந்திரப் பயணத்தை நிறுத்திவிடுவது, நான் கண்டவரை, மிக அதிகமாகச் செய்யப்படும் தவறு.

கலங்கல் காலத்தில் செக்கி தட்டு அரை மீட்டரில் மறைந்தாலும் அது பாசிக்குச் சான்று ஆகாது. தட்டு மறையும்போது நீரின் நிறத்தையும் அருகில் எழுதினால் இந்தக் குழப்பம் வராது. பஞ்சப்பள்ளி சின்னாறு, நாகாவதி, தொப்பையாறு போன்ற தருமபுரி மாவட்டத்துச் சிறிய அணைகளுக்கு வரத்து சில வாரங்களில் வந்து நின்றுவிடுவதால், அங்கே தங்கும் காலத்தை வாரந்தோறும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

7. அடுத்த ஏழு நாளுக்கான கணிப்பை எழுதுதல்

வளர்ச்சியை முதலில் கணக்கிடுக. சாதகமான சூழலில் நீலப்பச்சைப் பாசி இரட்டிப்பாக இரண்டு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகலாம். இன்று குளோரோபில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராம், இரட்டிப்புக் காலம் நான்கு நாள் என்றால், எட்டாம் நாளில் 12. எச்சரிக்கைக்கான கால இடைவெளி இதுதான். வாரம் ஒரு முறை அளப்பதன் காரணமும் இதுதான். மாதம் ஒரு முறை அளப்பவர் பெருக்கத்தின் தொடக்கத்தைக் காணவே முடியாது.

இரட்டிப்புக் காலத்தை ஊகத்தால் நிரப்பாமல், முந்தைய இரண்டு வாரங்களின் அளவீடுகளிலிருந்து எடுக்க வேண்டும். நீர் 25 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நம் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி நிறைவேறிவிடும். எனவே வெப்பநிலை மட்டும் இங்கே வாரத்தை வாரத்திலிருந்து பிரித்துக் காட்டாது.

அந்த வேலையைச் செய்வது காற்று. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பில் காற்றின் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழ் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இருக்கும் என்று வந்தால், மேலேறுதல் நடக்கும் வாய்ப்பு மிகுதி. அந்த வேகம் திறந்த வெளியில் பத்து மீட்டர் உயரத்துக்கானது. குன்றுகள் சூழ்ந்த அணையில் அதைவிடக் குறைவாகவே வீசும் என்பதால், ஒரு பருவம் முழுவதும் இரண்டையும் ஒப்பிட்டு உங்கள் அணைக்கான வித்தியாசத்தைக் கண்டறிய வேண்டும்.

வளர்ச்சி இல்லாமலும் மேலேறுதல் நடக்கும் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். நடு நீரில் ஓரளவே பாசி இருந்தாலும், பெரிய பரப்பிலிருந்து ஒரு குடாவுக்குள் ஒதுங்கும்போது அது தடித்த ஏடாகிவிடும். ஆகவே கணிப்பை இரண்டு வரிகளாக எழுதுக: ஒன்று அளவு, மற்றது ஏடு. "அளவு நடுத்தரம், ஏடு வாய்ப்பு அதிகம்" என்ற வரி முரண்பாடு ஆகாது.

8. எந்தக் கரை

மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வீசுவது. பாசி கீழ்க்கரையில், அதாவது கிழக்குக் கரையில், ஒதுங்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் முன்னறிவிப்பு அட்டவணையில் "மேற்கு" என்ற சொல்லைப் பார்த்ததும் மேற்குக் கரையைக் குறித்துவிடும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அம்புக்குறி வரைந்த பிறகே கரையின் பெயரை எழுதச் சொல்வது நல்லது. மாடுகள் நீர் குடிக்கும் இறக்கங்களையும் வரைபடத்தில் குறித்து வைத்தால், எச்சரிக்கையில் கரையின் பெயரோடு இறக்கத்தின் பெயரையும் சொல்லலாம்.

9. செயற்கைக்கோள் படத்தை இந்த இடத்தில் திறக்கலாம்

பலரும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் வேண்டுமென்றே ஒன்பதாவதாக வைத்திருக்கிறேன். நீரைத் தொடாதவருக்கு அந்தப் படத்தின் பச்சை எதைக் குறிக்கிறது என்று தெரியாது.

ஐரோப்பாவின் சென்டினல் 2 படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை கடக்கும். படம் ஒளியை அலைநீள வாரியாகப் பட்டைகளாகப் பிரித்துப் பதிகிறது; அதில் 705 நானோமீட்டர் பட்டையின் அளவிலிருந்து 665 நானோமீட்டர் பட்டையின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண் குளோரோபில்லோடு சேர்ந்து ஏறும். அந்த எண்ணை உங்கள் ஆய்வக அளவீட்டோடு பொருத்திய பிறகே அதற்குப் பொருள் உண்டு.

இங்கே பெரிய ஏமாற்றுக்காரன் ஆகாயத்தாமரை. படத்தில் அது மிகத் தடித்த பாசியைப்போலவே தெரியும். ஒரே இடத்தில் கூர்மையான விளிம்போடு வாரக்கணக்கில் நின்றால் ஆகாயத்தாமரை என்றும், வடிவம் படத்துக்குப் படம் கலைந்து மாறினால் பாசி என்றும் முதற்கட்டமாகக் கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் மறைப்பதால் பல வாரம் படமே கிடைக்காது. படம் இல்லாத வாரத்தைப் பாசி இல்லாத வாரமாகப் பதிவது கூடாது.

10. கணிப்பைத் தேதியிட்டு எழுதி, பிறகு திருத்தாதிருக்க

திங்கட்கிழமை எழுதிய கணிப்பை அடுத்த திங்கட்கிழமை நடந்ததோடு ஒப்பிட்டு, சொல்லி நடந்தது, சொல்லாமல் நடந்தது, சொல்லியும் நடக்காதது, சொல்லாததும் நடக்காததும் என நான்கு கட்டங்களில் கோடு போட வேண்டும்.

"சென்ற வாரம் இருந்ததுபோலவே இந்த வாரமும் இருக்கும்" என்ற சோம்பேறிக் கணிப்புக்கும் அதே அட்டவணையைப் போடுக. அதை வெல்லாத முறைக்கு எத்தனை கருவி இருந்தும் பயனில்லை. பெரும்பாலான வாரங்களில் பாசி இருக்காது என்பதால், "இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருப்பவருக்கும் மொத்தத்தில் நல்ல மதிப்பெண் வந்துவிடும். சொல்லாமல் நடந்த வாரங்களைத் தனியே எண்ணச் சொல்வதன் காரணம் இதுவே.

11. கடற்கரையில் இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்கு

மூன்று கேள்விகளும் அங்கும் அவையே. விடை தரும் கருவிகள்தான் மாறும். தங்கும் காலத்தின் இடத்தில் கடல் நீரோட்டமும் ஓதமும், சேற்றுப் பாஸ்பரஸின் இடத்தில் ஆழ்கடலிலிருந்து மேலெழும் சத்து நீரும் வந்துவிடும். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்தியக் கடல்களுக்குப் பாசிப் பெருக்கத் தகவல் சேவையை நடத்துகிறது. அதிலிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக்கூடாது. 2019இல் மன்னார் வளைகுடாவில் மீன்கள் செத்து ஒதுங்கக் காரணமான நாக்டிலூக்கா, பிற நுண்ணுயிர்களை விழுங்கி வாழும் உயிரி. எனவே குளோரோபில் படத்தை மட்டும் நம்பினால் அதன் இரையை எண்ணிக்கொண்டிருப்போம்.

12. எச்சரிக்கையும் அதை விலக்கிக்கொள்ளுதலும்

பாசி வரும் என்பது நஞ்சு வரும் என்பதற்குச் சமம் அன்று. ஒரே இனத்தில் நஞ்சு சுரக்கும் வகையும் சுரக்காத வகையும் உண்டு. கண்ணால் பிரிக்க முடியாது. மைக்ரோசிஸ்டின் நஞ்சுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு, வாழ்நாள் முழுதும் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். குறுகிய காலத்துக்கு 12. குளிக்கும் நீருக்கு 24. ஏடு தோன்றிய இடத்து நீரை ஆய்வகத்துக்கு அனுப்பும்வரை, நஞ்சு உண்டு என்றே கொண்டு நடப்பது பாதுகாப்பு.

எச்சரிக்கையில் கரை, நாள், செய்ய வேண்டியது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அதில் தவறாமல் சேர்க்க வேண்டிய வரி: கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது, உயிரணுக்கள் உடைந்து உள்ளிருப்பது நீரில் கலக்கும். மயில்துத்தம் தூவிப் பாசியைக் கொல்வதும் இதே விளைவைத் தரும் என்பதால், நீர் எடுத்துக்கொண்டிருக்கும்போது அதைச் செய்யக்கூடாது.

பச்சை மறைந்த அன்றே எச்சரிக்கையை விலக்கிவிட வேண்டும் என்ற அழுத்தம் வரும். மறைந்தது காற்றால் கலங்கிக் கீழே போனதாகவும் இருக்கலாம், செத்து நஞ்சை விட்டதாகவும் இருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு வாரத் தூண் மாதிரிகளில் எண்ணிக்கை இறங்கியிருந்து, நஞ்சுச் சோதனையும் வழிகாட்டு அளவுக்குக் கீழ் வந்த பிறகே, விலக்கும் தேதியை எழுதி, முன்பு எச்சரிக்கை அனுப்பிய அதே ஆட்களுக்கு அதையும் அனுப்ப வேண்டும்.